குழந்தையில்லாத ஆணிடம் கேட்கத் தவறும் கேள்வி: ஒட்டுண்ணித் தொற்றும் விந்தணுவும்

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் முதலில் மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் பெண்தான். ஹார்மோன், ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் எக்ஸ்ரே என எல்லாம் அவர் உடம்பில் நடந்து முடிந்த பிறகே, கணவரின் விந்தையும் பார்த்துவிடலாம் என்ற பேச்சு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 17.5 சதவீதம் பேர், அதாவது ஆறில் ஒருவர், வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார்கள். அந்தத் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது.

சரி, ஆணைப் பரிசோதிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விதைப்பையில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா, ஹார்மோன் சரியாக இருக்கிறதா, குரோமோசோமில் கோளாறா, புகை, மது பழக்கம் உண்டா என்று பார்ப்பார்கள். எதிலும் சிக்கவில்லை என்றால் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். இந்த வரிசையில் அநேகமாக எப்போதும் விட்டுப்போகும் ஒன்று, ஒட்டுண்ணித் தொற்று. எல்லா இடத்திலும் அதுதான் பெரிய காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது காரணமாக இருக்கும் ஆணுக்கு, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே தீர வாய்ப்புள்ள பிரச்சினை அது. பிந்திப் போனால் தழும்பும் சுண்ணாம்புப் படிவும் நிரந்தரமாகத் தங்கிவிடும். நேரத்தில் கேட்டால் மட்டுமே பலன் தரும் கேள்வி என்பதால்தான் அதை விடாமல் கேட்க வேண்டும் என்கிறேன்.

விந்தணு எங்கே உருவாகி எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் மற்றது எளிதில் புரியும். விந்தகத்தில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் பிடிக்கும். அப்புறம் அது எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழாயில் சுமார் இரண்டு வாரம் கிடந்து நீந்தும் திறனைப் பெறுகிறது. அங்கிருந்து விந்து நாளம் வழியாக மேலேறி, விந்துப்பைகளும் புரோஸ்டேட்டும் சுரக்கும் திரவத்தோடு கலந்து வெளியே வருகிறது. விந்தகம் உடம்பின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான சூட்டில் இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். வழி நெடுக எங்கே அடைபட்டாலும், சூடு ஏறினாலும், அழற்சி வந்தாலும் விந்து அறிக்கையில் தெரிந்துவிடும். ஒட்டுண்ணிகள் இந்த மூன்றையுமே செய்யக்கூடியவை. சில நேரடியாக விந்தணுவையே தாக்குகின்றன.

அடைப்புக்குச் சிறந்த உதாரணம் சிஸ்டோசோமா ஹீமடோபியம் என்னும் ரத்தப்புழு. 1851ல் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் இதைக் கண்டறிந்தார். அதனால் பில்ஹார்சியா என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நன்னீர் நத்தைக்குள் வளரும் இளம்புழு தண்ணீரில் வெளிவந்து, அந்தத் தண்ணீரில் இறங்குபவரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போகிறது. நுரையீரல், கல்லீரல் என்று சுற்றி வளர்ந்து, ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, இடுப்புக்குள் சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் குடியேறுகிறது. ஆண்புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு இருக்கும். பெண்புழு அதற்குள்ளேயே கிடந்து வருடக்கணக்கில், நாள் தவறாமல் முட்டையிடும்.

பாதிப்பைச் செய்வது புழுவைவிட அதன் முட்டைதான். ஒரு நுனியில் கூரான முள் உள்ள அந்த முட்டைகள் திசுவைக் கரைத்துத் துளைத்துக்கொண்டு சிறுநீர்ப்பைக்குள் விழ வேண்டும், சிறுநீரோடு வெளியேற வேண்டும். அதுதான் புழுவின் வாழ்க்கைச் சுற்று. ஆனால் அதே சிரைப் பின்னலை ஒட்டித்தான் விந்துப்பைகளும் புரோஸ்டேட்டும் இருக்கின்றன. வழிதவறிய முட்டைகள் அங்கே சிக்கிக்கொள்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஒவ்வொரு முட்டையையும் சூழ்ந்து சிறு கட்டியாக்குகின்றன. நாளடைவில் அது நாராகி, பிறகு சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. விந்து வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது. அதன் சுவர் சற்றுத் தடித்தாலே போதும், வழி அடைபட்டுவிடும். உள்ளே விந்தகம் பழுதில்லாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கும், வெளியே வரும் திரவத்தில் ஒரு விந்தணுகூட இருக்காது.

1911ல் எகிப்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் மேடன், ஆண் இனப்பெருக்க உறுப்புகளில் இந்த நோயைப் பற்றி எழுதினார். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த நோய் இது. ஆனாலும் உலக அளவில் இதைத் தேடிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இதே புழு பெண்களின் பிறப்புறுப்பில் செய்யும் பாதிப்புக்குச் சமீப ஆண்டுகளில் கவனம் கிடைத்திருக்கிறது, அது நியாயமானதும்கூட. ஆண்கள் பக்கம் அந்த அளவு வேலை நடக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தரும் விஷயம். மடகாஸ்கரிலும் மலாவி ஏரிக்கரையிலும் நடந்த ஆய்வுகளில் ஆண்களின் விந்தில் புழு முட்டைகள் காணப்பட்டன. அவர்களில் சிலருக்குச் சிறுநீரில் முட்டையே இல்லை. சிறுநீரை மட்டும் சோதித்து ‘தொற்று இல்லை’ என்று அனுப்பிவிட்டால் இவர்கள் தப்பிவிடுவார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இந்த நோயில் ஆணுக்குத் தெரியும் முக்கிய அறிகுறி விந்தில் ரத்தம் கலந்து வருவது. மங்கிய சிவப்பாகவோ துருநிறமாகவோ இருக்கும். விந்து வெளியேறும்போது வலி, இடுப்பின் ஆழத்தில் இனம்தெரியாத வலி, விந்தின் அளவு குறைவது ஆகியவையும் வரலாம். யாரிடமும் சொல்லக் கூச்சப்படும் அறிகுறிகள் இவை. நோய் பரவலாக இருந்த சில பகுதிகளில், பையன்களின் சிறுநீரில் ரத்தம் வருவதை அவர்கள் வயதுக்கு வந்ததற்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவதாலேயே அது நோயாகத் தோன்றவில்லை.

விந்து அறிக்கையிலும் தடயம் கிடைக்கும், அதைப் படிக்கத் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி விந்தின் அளவுக்குக் கீழ்வரம்பு 1.4 மில்லிலிட்டர், விந்தணு எண்ணிக்கைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசையும் விந்தணுக்களுக்கு 42 சதவீதம். அளவு அரை மில்லிலிட்டர்தான், விந்தணு இல்லை, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இல்லை, திரவம் அமிலத்தன்மையாக இருக்கிறது என்று நான்கும் ஒன்றாக வந்தால், விந்துப்பைகளின் சுரப்பு வெளியே வந்து சேரவில்லை என்று பொருள். ஃப்ரக்டோஸைச் சுரப்பது விந்துப்பைகள்தான். அடுத்து ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் எடுத்தால், விந்துப்பைகள் வீங்கியோ சுண்ணாம்பு படிந்தோ இருப்பது திரையில் தெரியும். பிறவியிலேயே விந்துப்பையும் விந்து நாளமும் இல்லாதவர்களுக்கும் இதே நான்கு அம்சங்கள் வரும். அதனால் அறிக்கை மட்டும் போதாது, அந்த ஆண் எங்கெல்லாம் வாழ்ந்தார், எந்த ஏரியில், ஆற்றில் குளித்தார் என்றும் கேட்க வேண்டும்.

பிராசிகுவான்டெல் மாத்திரை வளர்ந்த புழுவைக் கொல்லும். திசுவில் ஏற்கெனவே புதைந்த முட்டைகளையும் ஆறிப்போன தழும்பையும் அது ஒன்றும் செய்யாது. சீக்கிரம் கொடுத்தவர்களுக்கு ரத்தம் நிற்கிறது, அழற்சி அடங்குகிறது. சுண்ணாம்பு படிந்த பிறகு கொடுத்தால் நோய் மேலும் வளராது, அவ்வளவுதான். இந்த நோய்க்குச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஆனாலும் அது அங்கே மட்டும் நிற்கவில்லை. 2013ல் பிரான்சின் கோர்சிகா தீவில் காவு ஆற்றில் குளித்தவர்களுக்கு இந்தத் தொற்று வந்தது. ஆப்பிரிக்க ஏரிகளில் ஒரு விடுமுறை நீந்திவிட்டு ஊர் திரும்பி, மாதங்கள் கழித்து விந்தில் ரத்தம் கண்ட பயணிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வேலைக்காக நாடு விட்டு நாடு போகிறவர்கள் பெருகிய காலத்தில், எந்த ஊர் மருத்துவரும் இதைத் தன் பகுதி நோயல்ல என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்தது யானைக்கால் நோய்ப் புழு. கால் வீக்கம்தான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆண்களிடம் வுச்சரீரியா பான்கிராஃப்டி புழு அதிகம் விரும்பித் தங்குவது விதைப்பைக்குள், விந்து நாளத்தை ஒட்டி ஓடும் நிணநீர்க் குழாய்களில். மருத்துவ வரலாற்றில் இந்தப் புழுவின் நுண்குஞ்சுகள் முதலில் காணப்பட்டதே விரைவீக்க நீரில்தான்: 1863ல், பாரிசில், டெமார்க்கே என்ற அறுவை மருத்துவர் பார்த்தார். ரத்தத்தில் அவை சுற்றுவதை 1872ல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் கண்டார். இன்று உலகில் சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு இந்தப் புழுவால் வந்த விரைவீக்கம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

உயிருள்ள புழுவை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும். கருவியை விதைப்பைமேல் வைத்துச் சற்று நேரம் அசையாமல் பிடித்தால், விரிந்துபோன நிணநீர்க் குழாய்க்குள் மெல்லிய நூல்கள் ஓயாமல் நெளிந்து சுழல்வது தெரியும். பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் வரும். பிரேசிலின் ரெசிஃபி நகர ஆய்வாளர்கள் 1990களில் விவரித்த இந்தக் காட்சிக்கு ஃபைலேரியா நடனம் என்றே பெயர். ரத்தம் ஓடும் குழாயில் அசைவு துடிப்போடு சீராக வரும், இதில் அந்தச் சீர் இருக்காது. வெளியே எந்த வீக்கமும் வலியும் இல்லாத ஆண்களிடமும் இது தெரிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கருத்தரிப்பை இது எப்படிக் கெடுக்கிறது? புழு சாகும்போது எபிடிடிமிசிலும் விந்து நாளத்தைச் சுற்றியும் கடும் அழற்சி வருகிறது. திரும்பத் திரும்ப வந்தால் தழும்பு, தழும்பால் அடைப்பு. விந்தகத்தைச் சுற்றிப் பெரிய அளவில் நீர் தேங்கினால், அது குளிர்ச்சியாக இருக்க வேண்டிய இடத்தில் சூட்டைத் தக்கவைக்கிறது, அழுத்தத்தால் ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. உடலுறவே சிரமமாகிவிடும் அளவுக்கு வீக்கம் வளர்வதும் உண்டு, அதைப் பற்றி ஆண்கள் வாய் திறப்பதில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விரைவீக்கம் உள்ள பல ஆண்கள் குழந்தை பெற்றிருக்கிறார்கள். வீக்கம் இருந்தால் மலடு என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. நீர் தேக்கத்தை அறுவை சிகிச்சையால் முற்றாகச் சரிசெய்யலாம். புழுவுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவைக் குறிவைக்கும் டாக்சிசைக்ளின் மருந்தும் புழுவை நலியச் செய்கிறது.

இதுவரை பார்த்தவை குறிப்பிட்ட நீர்நிலைகளையும் கொசுவையும் சார்ந்தவை. எல்லா நாட்டிலும், எல்லாத் தரப்பிலும் இருப்பது டிரைக்கோமோனாஸ் வஜினாலிஸ். உடலுறவில் பரவும் ஒற்றைச்செல் உயிரி இது. 2020ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் 15.6 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 1836ல் பாரிசில் ஆல்ஃபிரட் டோனே இதைப் பெண்களின் வெள்ளைப்படுதலில் கண்டு விவரித்தார். பெயரிலேயே பெண்ணுறுப்பு சேர்ந்துவிட்டதால், இது பெண்களின் நோய் என்ற எண்ணம் இன்றுவரை போகவில்லை. ஆண்களிலும் சிறுநீர்க்குழாய், புரோஸ்டேட், சில சமயம் எபிடிடிமிஸ் வரை இது தங்குகிறது. பெரும்பாலான ஆண்களுக்கு எரிச்சல்கூட இருக்காது. புரோஸ்டேட் திரவத்தில் உள்ள துத்தநாகம் இந்த உயிரிக்கு நஞ்சு, அதனால் பலரிடம் தானாகவே மறைந்தும் போகிறது. மறையாதவர்களோ ஒன்றும் தெரியாமலே மனைவிக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆய்வுக்கூடச் சோதனைகளில் இந்த உயிரி விந்தணுவோடு ஒட்டிக்கொள்வதும், விழுங்குவதும்கூடப் பதிவாகியிருக்கிறது. அது வெளியிடும் புரதச்சிதைவு நொதிகள் விந்தணுக்களின் நீச்சலை மந்தமாக்குகின்றன. தொற்றால் வரும் அழற்சியில் வெள்ளணுக்கள் கூடி, அவை வெளியேற்றும் ஆக்சிஜன் சார்ந்த நச்சுகள் விந்தணுவின் மெல்லிய சவ்வையும் உள்ளிருக்கும் டிஎன்ஏவையும் சேதப்படுத்துகின்றன. விந்தணு முதிரும்போது தன் செல்திரவத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், மற்ற செல்களைப் போல இந்தத் தாக்குதலைச் சமாளிக்கும் சரக்கு அதனிடம் இல்லை. தொற்றுள்ள ஆண்களிடம் அசைவும் உயிர்ப்பும் குறைந்திருந்து சிகிச்சைக்குப் பின் மேம்பட்டதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் சொல்லவில்லை. என் பார்வையில், ஆண் மலட்டுத்தன்மைக்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை, ஆனால் தேடிச் சிகிச்சை தருவதற்குப் போதுமான சான்று இருக்கிறது. அதுவும் மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற பழைய, நன்கு பழகிய மருந்துகளால்.

மாட்டு மருத்துவத்தில் இதற்கு நெருங்கிய உறவுள்ள ஓர் உயிரியைப் பார்க்கலாம். டிரிடிரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ் தொற்றிய பசுக்களுக்குக் கரு தங்காது, தங்கினாலும் கலையும். தொற்றைச் சுமந்து திரியும் காளையோ எந்தக் குறையும் இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கும். அதனால் மந்தையில் கரு தங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவர் காளையின் குறியுறையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்கிறார். மனிதர்கள் விஷயத்தில் நாம் அந்தத் தெளிவுக்கு இன்னும் வரவில்லை. மனைவிக்கு டிரைக்கோமோனாஸ் என்று தெரிந்து மருந்து கொடுத்த பிறகும், கணவரை வரச்சொல்லாமல் விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. அப்புறம் மறுபடியும் மனைவிக்குத் தொற்றும்போது, மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விந்து அறிக்கையில் ‘வட்டச் செல்கள்’ என்று ஒரு வரி வரும். அது முதிராத விந்தணுவாகவும் இருக்கலாம், வெள்ளணுவாகவும் இருக்கலாம். டிரைக்கோமோனாஸும் கிட்டத்தட்ட வெள்ளணு அளவுதான். உடல் சூட்டில் இருக்கும்வரை சாட்டை போன்ற இழைகளை வீசித் துள்ளித் துள்ளி நகரும், அப்போது பார்த்தால் யாருக்கும் தவறாது. மாதிரி ஆறிவிட்டால் அசைவு நின்று உருண்டுபோகும், பிறகு வெள்ளணுவிலிருந்து பிரித்தறிவது கடினம். அரை மணி நேரம் மேஜையில் காத்திருந்த மாதிரியில் தேடுவது ஏறக்குறைய வீண். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வகைச் சோதனைகள் இதைவிடப் பல மடங்கு நம்பகமானவை. மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால்தான் ஆய்வகம் அதைச் செய்யும். வெள்ளணு ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தால், வெறுமனே ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுக்காமல் என்ன தொற்று என்று கேட்பதே முறை.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி பற்றிச் செய்திகளில் நிறைய அடிபட்டது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழ்நாளில் இந்தத் தொற்றைப் பெற்றிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சரியாக வேகாத இறைச்சி, பூனைக் கழிவு கலந்த மண், கழுவாத காய்கறி வழியாக வருகிறது. 2025ல் வெளியான ஓர் ஆய்வில், மனித விந்தணுக்களையும் இந்த உயிரியையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வைத்தபோது, ஐந்தே நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட விந்தணுக்கள் தலை இழந்தன. எலிகளில் இந்த உயிரி விந்தகத்தையும் எபிடிடிமிசையும் எட்டுவதையும் காட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணாடிக் குடுவையில் அருகருகே வைத்ததும், ஓர் ஆணின் உடம்பில் நாள்பட்ட தொற்றாகத் தசையிலும் மூளையிலும் உறங்கிக் கிடப்பதும் ஒன்றல்ல. தொற்றுள்ள கோடிக்கணக்கான ஆண்கள் தந்தையாகியிருக்கிறார்கள். இப்போதைக்கு இது தொடர்ந்து ஆராய வேண்டிய தடம். பரிசோதனைக்கு ஓடி, எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்ற சீட்டைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை.

மலேரியா வேறு வகையில் வருகிறது. கடும் காய்ச்சல் எதுவானாலும் அந்தச் சமயத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் விந்தணுக்களைப் பாதிக்கும், சில மாதத்தில் சரியாகிவிடும். காய்ச்சல் விட்டு ஒரு மாதத்தில் எடுத்த விந்து அறிக்கையைக் கொண்டு யாரையும் முத்திரை குத்தக் கூடாது. இன்னோர் ஒட்டுண்ணியால் வரும் ஆப்பிரிக்கத் தூக்க நோயில் மூளையின் கட்டுப்பாட்டு மையங்கள் பாதிக்கப்பட்டு ஆண் ஹார்மோன் குறைகிறது, ஆண்மைக் குறைவும் வருகிறது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பூச்சி மருந்தை வாங்கி விழுங்கினால் போதும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. குடல் பூச்சிக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் சிஸ்டோசோமாவையோ டிரைக்கோமோனாஸையோ தொடாது. எந்த உயிரி என்று தெரிந்த பிறகுதான் மருந்து. டிரைக்கோமோனாஸ் என்றால் கணவன், மனைவி இருவரும் ஒரே சமயத்தில் மருந்தை முடிக்க வேண்டும், முடியும்வரை உடலுறவு கூடாது. சிகிச்சை முடிந்த மறுவாரமே விந்தைச் சோதித்து முன்னேற்றம் இல்லை என்று கைவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் என்பதால், அந்த மூன்று மாதம் கழித்து எடுக்கும் மாதிரிதான் உண்மையைச் சொல்லும். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, முடிந்தால் ஆய்வகத்திலேயே மாதிரி கொடுப்பது நல்லது.

மருத்துவரிடம் போகும் ஆண், கேட்காவிட்டாலும் தானாகவே சில விஷயங்களைச் சொல்லிவிடலாம்: எந்தெந்த நாடுகளில் வேலை பார்த்தார், ஏரியிலோ கால்வாயிலோ இறங்கினாரா, விந்திலோ சிறுநீரிலோ எப்போதாவது ரத்தம் பார்த்தாரா, விதைப்பையில் வலியோ வீக்கமோ வந்து போனதா, துணைக்கு எப்போதாவது டிரைக்கோமோனாஸ் என்று சொன்னார்களா. இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு இது. வெட்கத்தால் விழுங்கப்படும் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பதிலாக, மனைவி வருடக்கணக்கில் ஊசியும் ஸ்கேனுமாக அலைகிறார்.

அடைப்பு முற்றிப்போய் மாத்திரையால் திறக்க முடியாத நிலையிலும் வழி இருக்கிறது. அடைப்பு வகையில் விந்தகத்தில் உற்பத்தி நிற்பதில்லை. எபிடிடிமிசிலிருந்தோ விந்தகத்திலிருந்தோ ஊசி மூலம் விந்தணுவை எடுத்து, ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறையில் கரு உருவாக்க முடியும். ஆனால் அந்த முறை தொற்றைத் தாண்டிப் போகிறதே தவிர, தீர்ப்பதில்லை. சிஸ்டோசோமா உயிரோடு இருந்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடும். டிரைக்கோமோனாஸ் கர்ப்பிணிக்குத் தொற்றினால் குறைப்பிரசவத்தோடு தொடர்புபடுகிறது. ஆகவே கருத்தரிப்பு மையத்தில் தேதி குறிப்பதற்கு முன்பே, தம்பதி இருவருக்கும் தொற்றுச் சோதனையும் தேவையான சிகிச்சையும் முடிந்திருக்க வேண்டும்.